ஒரே ஆள், ஐந்து எழுத்துக்கூட்டல்: ஜெர்மன் மூதாதையரைத் தேடுவது பற்றி

ஜெர்மனியிலிருந்து கப்பல் ஏறிப் போன குடும்பங்களின் வரலாற்றைத் தேடுகிறவர்களில், பதிவேடே கிடைக்காமல் நின்றுபோனவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கிடைத்த பதிவேட்டைப் பார்த்து "இது நம்ம ஆள் இல்லை, எழுத்து வேற மாதிரி இருக்கே" என்று தள்ளிவிட்டு, அதற்கப்புறம் வருடக்கணக்கில் தேடிக்கொண்டே இருப்பவர்களைத்தான் நிறையப் பார்க்கிறேன். என் மனைவியின் அம்மா வழி மூதாதையர் ஓஸ்னாப்ரூக் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அமெரிக்காவின் மிசௌரிக்குப் போனவர்கள். அவர்களைத் தேடப் போய் இந்த வேலையின் மேல் எனக்குப் பெரிய பிடிப்பு வந்துவிட்டது, இப்போது கேட்கிறவர்கள் எல்லோருடைய ஜெர்மன் பாட்டன் பூட்டன்களையும் தேடிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன். (எங்கள் வீட்டாரின் பெயரை இங்கே எழுதவில்லை, எல்லோரும் நன்றாக உயிரோடு இருக்கிறார்கள். உதாரணங்களுக்கு ஊர் அறிந்த பெயர்களையே எடுத்துக்கொள்கிறேன்.)

ஒரு பெயருக்கு ஒரே எழுத்துக்கூட்டல்தான் இருக்க வேண்டும் என்பதே ரொம்பப் பிற்பாடு வந்த எண்ணம். மார்ட்டின் லூதரின் அப்பா பெயர் ஹான்ஸ் லூடர். மகனும் முதலில் லூடர்தான், 1517 வாக்கில்தான் லூதர் என்று எழுத ஆரம்பித்தார், நடுவில் கொஞ்ச காலம் கிரேக்கச் சாயலில் எலூதேரியஸ் என்றும் கையெழுத்துப் போட்டார். பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திய மனிதருக்கே இப்படி என்றால், கையெழுத்துக்குப் பதிலாக ஒரு சிலுவைக் கோடு போட்ட உழவருக்குப் பெயரின் எழுத்தைப் பற்றி என்ன அக்கறை இருந்திருக்கும்? அவருக்குத் தெரிந்தது பெயரின் ஒலி. அந்த ஒலியைக் காதில் வாங்கி எழுதியது போதகர். போதகர் மாறினால் எழுத்தும் மாறும். மூத்த பிள்ளையின் ஞானஸ்நானத்தில் ஒரு மாதிரி, கடைசிப் பிள்ளையின் ஞானஸ்நானத்தில் இன்னொரு மாதிரி என்று ஒரே பதிவேட்டில் ஒரே அப்பா வருவது சர்வ சாதாரணம். அன்றைய ஜெர்மன் அரசுகளில் மிகப் பெரியதான பிரஷ்யாவில் 1874 அக்டோபரிலும், ஜெர்மனி முழுவதும் 1876 ஜனவரி 1 முதலும் ஷ்டாண்டெஸாம்ட் எனப்படும் அரசுப் பதிவு அலுவலகங்கள் பிறப்பு, திருமணம், இறப்பைப் பதிய ஆரம்பித்த பிறகுதான் குடும்பப் பெயரின் எழுத்து உண்மையிலேயே இறுகியது.

பெயர் எங்கே மாறியது என்று கேட்டால் பத்தில் ஒன்பது பேர் "எல்லிஸ் தீவில் மாற்றிவிட்டார்கள்" என்கிறார்கள். இந்தக் கதையை விட்டுவிடுங்கள் என்று நான் கெஞ்சாத குறை. எல்லிஸ் தீவு, அதாவது நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்து உள்ளே விட்ட நிலையம், திறந்தது 1892இல். ஜெர்மானியர் மிக அதிகமாக வந்த ஆண்டு 1882, அந்த ஒரே ஆண்டில் சுமார் இரண்டரை லட்சம் பேர். அதாவது பெரும் கூட்டம் வந்து இறங்கி, நிலம் வாங்கி, பிள்ளை குட்டிகளோடு குடியேறி முடித்த பிறகுதான் அந்தத் தீவில் நிலையமே வந்தது. அதற்கு முன்னால் நியூயார்க்கில் 1855 முதல் 1890 வரை காசில் கார்டன் என்ற நிலையம் இருந்தது. எல்லிஸ் தீவிலும் அதிகாரிகள் யாருக்கும் புதுப் பெயர் வைக்கவில்லை. புறப்பட்ட துறைமுகத்தில் கப்பல் கம்பெனி தயாரித்த பட்டியல் அவர்கள் கையில் இருந்தது, வந்தவரை அதோடு ஒத்துப்பார்த்தார்கள், அவ்வளவுதான். பெயர் மாறியதெல்லாம் அதற்கு அப்புறம். பள்ளிக்கூட ஆசிரியர், நிலப் பதிவு எழுத்தர், மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்காரர், கடைக் கணக்கு, கல்லறைக் கல் வெட்டியவர் என்று பல கை பட்டு, சில குடும்பங்களில் இரண்டு மூன்று தலைமுறை எடுத்துக்கொண்டு மெல்ல மெல்ல மாறியது.

இன்னும் பின்னால் போனால் பென்சில்வேனியா. 1727 முதல் பிலடெல்ஃபியாவில் இறங்கிய ஜெர்மானியரில் பதினாறு வயதைத் தாண்டிய ஆண்கள் ஆங்கிலேய அரசருக்கு விசுவாசப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று விதி. இதனால் நமக்கு ஒரு பொக்கிஷம் மிஞ்சியிருக்கிறது. பல கப்பல்களுக்கு மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்று கப்பல் தலைவர் கொடுத்தது, அதில் ஆங்கிலக் காதில் விழுந்தபடி பெயர்கள் இருக்கும். மற்ற இரண்டும் பிரமாணப் பட்டியல்கள், அவற்றில் எழுதத் தெரிந்தவர்கள் தங்கள் கையாலேயே ஜெர்மன் எழுத்தில் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே நாளில், ஒரே கப்பலில் வந்த ஒரே ஆள், மூன்று விதமாக. வேறு எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பட்டியல்களில் ஒரு பக்கத்தையாவது பார்த்தால், எழுத்தைப் பிடித்துக்கொண்டு தொங்கும் பழக்கம் தானாகவே போய்விடும்.

சரி, எப்படியெல்லாம் மாறும்? இதற்கு ஒரு ஒழுங்கு இருக்கிறது, அது பிடிபட்டுவிட்டால் பாதி வேலை முடிந்தது. முதலில் ஊர்ப் பேச்சு. முல்லர் என்ற பெயர் அமெரிக்காவில் மில்லர் ஆனதை எல்லோரும் ஆங்கிலமாக்கம் என்று நினைக்கிறார்கள். ஆனால் ஜெர்மனியின் தென்மேற்கில் உள்ள பாலட்டினேட் பகுதிப் பேச்சில் இரண்டு புள்ளி வைத்த அந்த உகரத்தை இகரமாகத்தான் சொல்வார்கள். ஊரில் இருந்தபோதே அவர் வாயில் அது மில்லர்தான். எழுத்தர் காதில் சரியாகத்தான் விழுந்திருக்கிறது. ஜெர்மனியின் தென்பகுதியிலும் நடுப்பகுதியிலும் பல வட்டாரங்களில் அழுத்தமான க, ட, பவுக்கும் மெலிந்த க, ட, பவுக்கும் வேறுபாடே கேட்காது. க, ட, ப எல்லாவற்றையும் ஒரே எழுத்தால் எழுதிப் பழகிய நமக்கு இது சட்டென்று புரியும், ஆனால் ரோமன் எழுத்தில் அவை தனித்தனி எழுத்துகள் அல்லவா, அகரவரிசை அட்டவணையில் ஒரு பெயர் வேறு இரண்டு இடங்களில் போய் உட்கார்ந்துவிடும். அதே பகுதிகளில் சொல்லின் நடுவில் வரும் பகரம் வகரமாகத் தேயும். ஹூபர் ஹூவர் ஆனது அப்படித்தான், அமெரிக்க ஜனாதிபதி ஹெர்பர்ட் ஹூவரின் முன்னோர்கள் ஹூபர்கள். கெர்பர் கார்வர் ஆனதும் இதே வழி.

அடுத்தது, ஆங்கிலக் காதுக்குப் பழக்கமில்லாத ஒலிகள். உரசிவரும் ஹகரம் ஆங்கிலத்தில் இல்லை, அதனால் அல்ப்ரெஹ்ட் ஆல்பிரைட் ஆனார். ப, ஃப இரண்டும் ஒட்டிவரும் தொடக்கம் அவர்களால் சொல்ல முடியாது, அதனால் ப்ஃபைஃபர் என்ற குடும்பம் ஒரு மாவட்டத்தில் பைஃபர், பக்கத்து மாவட்டத்தில் ஃபைஃபர். முதல் உலகப் போரில் அமெரிக்கப் படையை நடத்திய ஜெனரல் பெர்ஷிங்கின் குடும்பப் பெயரும் இந்தத் தொடக்கத்தோடு இருந்து பின்னால் இளைத்ததுதான். ஜெர்மனில் ஜே எழுத்தின் ஒலி யகரம், ஆகவே யேகர் என்ற பெயர் ஜெர்மன் பதிவில் ஜே வரிசையிலும் அமெரிக்கப் பதிவில் ஒய் வரிசையிலும் இருக்கும். ஐஸன்ஹௌவர் குடும்பம் இன்றைய ஸார்லாந்தில் உள்ள கார்ல்ஸ்ப்ருன் ஊரிலிருந்து 1741இல் பென்சில்வேனியா வந்தபோது அவர்கள் ஐஸன்ஹௌயர். ஒலி ஏறக்குறைய அதேதான், எழுத்து மட்டும் ஆங்கிலச் சட்டை போட்டுக்கொண்டது.

மூன்றாவது வகை நேராக மொழிபெயர்த்துக்கொண்டவர்கள். ட்ஸிம்மர்மான் கார்ப்பென்டர் ஆனார், ஷ்னைடர் டெய்லர் ஆனார், ஷ்வார்ட்ஸ் பிளாக் ஆனார், ஷ்டைன் ஸ்டோன் ஆனார். இவர்கள்தான் கடினம், ஒலியை வைத்துப் பிடிக்க முடியாது. அண்ணன் ஷ்னைடராகவே இருந்து ஸ்னைடர் என்று எழுத்தை மட்டும் மாற்றிக்கொள்ள, தம்பி டெய்லர் ஆகியிருப்பார், இரண்டு பேரும் ஒரே சாலையில் அடுத்தடுத்த நிலத்தில் உழுதுகொண்டிருப்பார்கள். பியானோ செய்யும் ஷ்டைன்வெக் குடும்பத்தைப் பாருங்கள். ஹைன்ரிஷ் ஷ்டைன்வெக் ஜெர்மனியின் ஸேஸன் ஊரிலிருந்து 1850இல் நியூயார்க் போனார், 1853இல் ஸ்டெய்ன்வே அண்ட் சன்ஸ் தொடங்கினார், பெயரின் முன்பாதி அப்படியே இருக்க, வழி என்று பொருள்படும் பின்பாதி மட்டும் ஆங்கிலமானது. ஒரு மகன் தியோடோர் ஊரிலேயே நின்று பழைய பெயரிலேயே தொழிலை நடத்தினார், 1865இல் அதைக் கூட்டாளிகளுக்கு விற்றுவிட்டு அவரும் கடல் தாண்டினார். அவர் விட்டுவந்த தொழில்தான் பிற்பாடு க்ரோட்ரியன் ஷ்டைன்வெக் ஆனது. ஒரே வீடு, ஒரே காலம், இரண்டு பெயர்.

அப்புறம் 1914க்குப் பிறகு பயத்தால் மாறியவை. 1916இல் கனடாவின் ஒன்டாரியோவில் பெர்லின் என்ற நகரமே கிச்னர் என்று பெயரை மாற்றிக்கொண்டது. 1917இல் பிரிட்டிஷ் அரச குடும்பம் விண்ட்ஸர் ஆனது, அவர்களின் சொந்தமான பாட்டன்பெர்க் குடும்பத்தார் மவுண்ட்பேட்டன் ஆனார்கள். அரசரே மாற்றும்போது அமெரிக்க ஊர் ஒன்றில் ரொட்டிக் கடை வைத்திருந்த ஷ்மிட் என்ன செய்வார்? ஒரு குடும்பம் 1910 கணக்கெடுப்பில் இருந்து 1920இல் காணாமல் போனால் உடனே இறந்துவிட்டார்கள் என்று முடிவு கட்டாமல், அதே தெருவில் அதே வயதுப் பிள்ளைகளோடு வேறு பெயரில் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள்.

இது வரைக்கும் சொன்னது பெரும்பாலும் கடல் தாண்டிய பிறகு நடந்தது. ஜெர்மனிக்குள்ளேயே பெயர் மாறுவதற்கு வேறு காரணங்கள் உண்டு, அவை தெரியாமல் அங்கே போய் இறங்கினால் தலை சுற்றும்.

கத்தோலிக்கப் பதிவேடுகள் லத்தீனில் இருக்கும். வில்ஹெல்ம் அங்கே குயிலியெல்முஸ், லுட்விக் லுடோவிகுஸ், கார்ல் கரோலுஸ். இது முதல் பெயரோடு நிற்பதில்லை. படித்தவர்கள், போதகர்கள், பேராசிரியர்கள் தங்கள் குடும்பப் பெயரையே லத்தீனாக்கிக்கொண்டார்கள். முல்லர் மோலிட்டோர், ஷ்மிட் ஃபாபர், வேபர் டெக்ஸ்டோர், ஃபிஷர் பிஸ்காட்டோர், பௌவர் அக்ரிகோலா. லூதரின் தோழர் மெலாங்ஷ்தோன் பிறந்தபோது ஷ்வார்ட்ஸெர்ட், கிரேக்கத்தில் மாற்றிக்கொண்டார். பெண்களின் குடும்பப் பெயரோடு 'இன்' சேர்ப்பது 18ஆம் நூற்றாண்டு வரை பரவலாக இருந்த வழக்கம், முல்லர் வீட்டுப் பெண் முல்லரின். இதைப் புதுக் குடும்பப் பெயர் என்று நினைத்து மரத்தில் ஏற்றிவைத்திருப்பதை இணையத்தில் எத்தனையோ இடங்களில் பார்க்கலாம்.

முதல் பெயர்கள் தனிக் குழப்பம். யோஹான் செபாஸ்டியன் பாஹின் அப்பா யோஹான் அம்ப்ரோசியுஸ். அண்ணன்கள் யோஹான் கிறிஸ்டோஃப், யோஹான் யாகோப். மகன்களில் யோஹான் கிறிஸ்டியன், யோஹான் கிறிஸ்டோஃப் ஃப்ரீட்ரிஷ். யோஹான் என்பது வெறும் முன்னொட்டுபோல வந்துகொண்டே இருக்கும், வீட்டில் கூப்பிடும் பெயர் பின்னால் இருப்பதுதான், சில பதிவேடுகளில் அதற்கு அடிக்கோடு போட்டிருப்பார்கள். ஆகவே ஞானஸ்நானத்தில் யோஹான் ஹைன்ரிஷ், திருமணத்தில் ஹைன்ரிஷ், அமெரிக்காவில் ஹென்றி. மூன்றும் ஒருவர்தான். அதே சமயம் யோஹான்னெஸ் என்று முழுதாக எழுதியிருந்தால் அதுவே கூப்பிடும் பெயராக இருக்க வாய்ப்பு அதிகம், அதை யோஹானோடு கலக்காதீர்கள். இன்னொன்று, குழந்தை இறந்துவிட்டால் அடுத்த குழந்தைக்கு அதே பெயரை வைப்பார்கள். பெயரும் பெற்றோரும் ஒத்துப்போகிறதே என்று முதல் ஞானஸ்நானத்தை எடுத்துக்கொள்ளாமல், இறப்புப் பதிவேட்டையும் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

எங்கள் குடும்பத்தில் என்னைக் கட்டிப்போட்டது பண்ணைப் பெயர். வெஸ்ட்ஃபாலியா, ஓஸ்னாப்ரூக், லிப்பே பகுதிகளில் அந்தக் காலத்தில் பெயர் ஆளோடு போவதில்லை, நிலத்தோடு நிற்கும். பண்ணைக்கு வாரிசாக ஒரு பெண் இருந்து, அல்லது பண்ணைக்காரரின் விதவை இருந்து, அவளை ஒருவன் மணந்து உள்ளே வந்தால் அவன் பெயர் போய்ப் பண்ணையின் பெயர் ஒட்டிக்கொள்ளும். பிள்ளைகளுக்கும் பண்ணைப் பெயர்தான். என் மனைவியின் முன்னோர் ஒருவருக்கு முதல் மனைவியிடம் பிறந்த பிள்ளைகள் அவருடைய பிறந்த பெயரில் இருக்கிறார்கள், மனைவி இறந்து அவர் ஒரு பண்ணை விதவையை மணந்த பிறகு பிறந்தவர்கள் பண்ணைப் பெயரில். ஒரே அப்பாவுக்குப் பிறந்தவர்கள் இரண்டு குடும்பப் பெயரோடு மிசௌரி போய் இறங்கினார்கள், அங்கே ஒரே லூத்தரன் சபையில் ஒருவர் பிள்ளைக்கு ஒருவர் ஞானப்பெற்றோராக (ஞானஸ்நானத்தில் பிள்ளைக்குப் பொறுப்பேற்பவர்களாக) நின்றார்கள். வெறும் நண்பர்கள் என்று குடும்பத்தில் தலைமுறைகளாகச் சொல்லிவந்தவர்கள் உண்மையில் உடன்பிறப்புகள். இந்தச் செய்தியைக் கேட்டு என் மாமியார் அழுதுவிட்டார். பதிவேட்டில் 'கெனாண்ட்' என்ற சொல்லைக் கண்டால் கண்ணை அகலத் திறந்து பாருங்கள், இன்னார் என்று அழைக்கப்படுகிற என்று பொருள், அதற்கு முன்னால் ஒரு பெயரும் பின்னால் ஒரு பெயரும் இருக்கும். லத்தீனில் எழுதியவர் ஆலியாஸ், வுல்கோ, டிக்டுஸ் என்று போட்டிருப்பார். பிரஷ்ய அரசு 1822இல் அனுமதியில்லாமல் குடும்பப் பெயரை மாற்றக் கூடாது என்று உத்தரவே போட வேண்டியிருந்தது.

வடக்கே கிழக்கு ஃப்ரீஸியாவிலும் ஷ்லெஸ்விக்கிலும் முன்பு நிலையான குடும்பப் பெயரே கிடையாது, அப்பா பெயர்தான் பிள்ளைக்குப் பின்பெயர், தலைமுறைக்குத் தலைமுறை மாறும். ஷ்லெஸ்விக்கில் 1771இல் அரசாணை வந்தது, கிழக்கு ஃப்ரீஸியாவில் நெப்போலியன் ஆட்சி 1811இல் நிலையான பெயர் வைக்கச் சொன்னது, மக்கள் அதை லேசில் கேட்கவில்லை. யூதக் குடும்பங்களுக்கு பாடனில் 1809, பிரஷ்யாவில் 1812, பவேரியாவில் 1813 என்று ஆணைகள் வந்தன, அதற்கு முன்னால் பலருக்கு அப்பா பெயர் மட்டுமே. ஆகவே 1800க்கு முன்னால் அதே குடும்பப் பெயரைத் தேடிப் பயனில்லை.

யூதக் குடும்பங்களைப் பற்றிச் சொல்லும்போது இதையும் சொல்லியாக வேண்டும். 1938 ஆகஸ்டில் நாஜி அரசு போட்ட ஆணையின்படி 1939 ஜனவரி 1 முதல், அவர்கள் அனுமதித்த பட்டியலில் இல்லாத பெயர் கொண்ட யூத ஆண்கள் எல்லோரும் இஸ்ரேல் என்றும் பெண்கள் ஸாரா என்றும் கூடுதலாக ஒரு பெயரைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பல பத்தாண்டுகளுக்கு முந்தைய பிறப்புப் பதிவின் ஓரத்தில் கூட இதை எழுதிவைத்தார்கள். போருக்குப் பின் பல பதிவுகளில் அதே ஓரத்தில் அது செல்லாது என்று இன்னொரு குறிப்பு இருக்கும். அந்தப் பெயரைக் குடும்ப மரத்தில் அவருடைய பெயராக ஏற்றாதீர்கள். அது அவர் பெயர் அல்ல, அவர் மேல் திணித்தது. குறிப்பாக மட்டும் எழுதுங்கள், ஆனால் கட்டாயம் எழுதுங்கள்.

சரி, இவ்வளவு மாறும் என்றால் ஆளை எப்படி அடையாளம் காண்பது? ஊர். என் பதில் எப்போதும் இதுதான். ஜெர்மனிக்கு ஒரே மையப் பதிவகம் கிடையாது, 1871 வரை ஒரே நாடாகவே இல்லை. கிராமத்தின் பெயர் தெரிந்தால் எழுத்து எப்படி இருந்தாலும் ஆள் கிடைப்பார், கிராமம் தெரியாமல் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஆயிரம் ஹைன்ரிஷ் முல்லர்கள் வரிசையில் நிற்பார்கள். அமெரிக்கக் கணக்கெடுப்பில் இருப்பது பெரும்பாலும் நாட்டின் பெயர்தான், அதையும் அந்தக் காலத்து எல்லையோடு படிக்க வேண்டும். ஹானோவர் அரசை 1866இல் பிரஷ்யா விழுங்கியது, அதனால் 1860 கணக்கெடுப்பில் ஹானோவரில் பிறந்தவர் 1870இல் பிரஷ்யாவில் பிறந்தவர் ஆகியிருப்பார், இடம் மாறவில்லை. பவேரியா என்றிருந்தால் மியூனிக்கை நோக்கி ஓடாதீர்கள், ரைன் நதிக்கு அந்தப் பக்கமிருக்கும் பாலட்டினேட் 1816 முதல் நெடுங்காலம் பவேரியாவைச் சேர்ந்திருந்தது, நிறையப் பேர் புறப்பட்டதும் அங்கிருந்துதான்.

கிராமத்தின் பெயர் எங்கே கிடைக்கும்? அமெரிக்காவில் அவர்கள் போன லூத்தரன், ரிஃபார்ம்டு, கத்தோலிக்க சபைகளின் பதிவேட்டில். அங்கே எழுதியவரும் ஜெர்மானியர், ஊர்ப் பெயரை விசாரித்து எழுதினார். ஜெர்மன் மொழிச் செய்தித்தாள்களின் மரண அறிவிப்பில். கல்லறைக் கல்லில். 1906க்குப் பிறகு குடியுரிமை பெற்றிருந்தால் அந்தத் தாள்களில். ஹாம்பர்க் வழியாகப் போனவர் என்றால் 1850 முதல் 1934 வரையிலான பயணிகள் பட்டியல் இருக்கிறது, கடைசியாக வசித்த ஊர் அதில் உண்டு. பிரேமன் வழியாகப் போனவர் என்றால் மனதைத் தேற்றிக்கொள்ள வேண்டும், பழைய பட்டியல்களை வைக்க இடமில்லை என்று அவர்களே அழித்துவிட்டார்கள், மிச்சத்தில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போரில் போனது, 1920க்குப் பிந்தையவைதான் ஓரளவு மிஞ்சியிருக்கின்றன. இதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் வயிறு எரியும்.

ஊர்ப் பெயரும் சிதைந்துதான் வரும். அதற்கு 1912இல் வந்த மேயர் ஊர் அகராதி இணையத்தில் இருக்கிறது, பேரரசின் குக்கிராமம் வரை அதில் உண்டு, நட்சத்திரக் குறி போட்டுப் பாதி எழுத்தை வைத்துத் தேடலாம், பக்கத்து ஊர்களையும் தேவாலயங்களையும் காட்டும். கிழக்கே இருந்த ஊர் என்றால் இன்றைய பெயரும் வேண்டும், பிரெஸ்லௌ இன்று வ்ராட்ஸ்வாஃப், ஷ்டெட்டின் இன்று ஷ்செச்சின், பதிவேடுகளில் பல போலந்து ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன, கொஞ்சம் பெர்லினில்.

ஊர் கிடைத்ததும் பதிவேடு. புராட்டஸ்டன்ட் பதிவேடுகளுக்கு ஆர்ஷியோன் என்ற இணையதளம், கட்டணம் உண்டு. கத்தோலிக்கப் பதிவேடுகளுக்கு மாட்ரிகுலா என்ற தளம், இலவசம். ஃபேமிலிசர்ச் தளத்தில் இரண்டும் கலந்து ஏராளம். ஷ்டாண்டெஸாம்ட் பதிவுகளில் பிறப்பு 110, திருமணம் 80, இறப்பு 30 ஆண்டுகள் கழிந்ததும் எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள். கம்ப்ஜென் என்ற ஜெர்மன் வம்சாவளி ஆய்வுச் சங்கத்தார் வைத்திருக்கும் ஊர்க் குடும்பப் புத்தகங்களில் உங்கள் கிராமம் இருந்தால் அதிர்ஷ்டம், யாரோ ஒரு புண்ணியவான் அந்த ஊர்ப் பதிவேடு முழுவதையும் குடும்பம் குடும்பமாகப் பிரித்து வைத்திருப்பார். வ்யூர்ட்டம்பெர்க் ஊர்கள் என்றால் 1808 முதல் போதகர்களே குடும்பப் பதிவேடு வைத்திருந்தார்கள், பெற்றோர், பிள்ளைகள், யார் அமெரிக்கா போனார் என்பது வரை ஒரே பக்கத்தில் கிடைக்கலாம்.

கையெழுத்துக்குப் பயப்படாதீர்கள். குர்ரெண்ட் எனப்படும் பழைய ஜெர்மன் கையெழுத்தில் இ (e) எழுத்தும் என் (n) எழுத்தும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், யு எழுத்தின் மேல் ஒரு வளைவு போட்டிருப்பார்கள், எஃப், ஹெச், நீள எஸ் மூன்றும் மேலும் கீழும் நீண்டு ஒன்றுபோலத் தெரியும். இணையத் தளங்களின் அட்டவணையில் பெயர் கிடைக்காததற்குப் பாதிக் காரணம், அட்டவணை போட்டவர் இவற்றை மாற்றிப் படித்ததுதான். அந்தப் போதகர் எழுதிய கிறிஸ்தவப் பெயர்களை, உங்களுக்கு முன்பே தெரிந்தவற்றை, முதலில் பாருங்கள், அவருடைய எழுத்து பழகிவிடும். மாதத்தில் ஒரு பொறி இருக்கிறது. 7 என்று எண்ணை எழுதிப் பக்கத்தில் 'பெர்' என்றிருந்தால் அது ஜூலை அல்ல, செப்டம்பர். 8 என்றால் அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். லத்தீன் எண் முறை அது.

தேடல் பெட்டியில் ஒலிப்பொருத்தம் என்று வருவதை அதிகம் நம்பாதீர்கள். அமெரிக்கத் தளங்களில் பல பயன்படுத்தும் சவுண்டெக்ஸ் முறை பெயரின் முதல் எழுத்தை அப்படியே வைத்துக்கொள்ளும், ஆகவே ஜே எழுத்தில் தொடங்கும் யேகரும் ஒய் எழுத்தில் தொடங்கும் யேகரும் அதன் கண்ணில் ஒட்டவே ஒட்டாது, கே கூண்ட்ஸும் சி கூண்ட்ஸும் அப்படியே. ஜெர்மன் பெயர்களுக்கென்றே 1969இல் வந்த கொலோன் ஒலிமுறை முதல் எழுத்தையும் ஒலியாகவே எடுத்துக்கொள்வதால் அது இருக்கிற இடத்தில் அதையே தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் குடும்பப் பெயரையே காலியாக விட்டு, ஊர், முதல் பெயர், பிறந்த ஆண்டு மூன்றையும் மட்டும் போட்டுத் தேடுங்கள். நான் இப்போது பெரும்பாலும் இப்படித்தான் தேடுகிறேன்.

கிடைத்த ஆள் நம் ஆள்தானா என்று நிச்சயப்படுத்த எழுத்து உதவாது, ஞானப்பெற்றோர் உதவுவார்கள். அந்தக் காலத்தில் பிள்ளைக்கு ஞானப்பெற்றோரின் பெயரையே வைப்பது பரவலான வழக்கம், அவர்கள் பெரும்பாலும் பெற்றோரின் உடன்பிறந்தவர்களும் நெருங்கிய சொந்தங்களும். ஒரு தம்பதியின் எல்லாப் பிள்ளைகளின் ஞானப்பெற்றோரையும் ஒரு தாளில் எழுதிப்பாருங்கள், அந்தக் குடும்பத்தின் உறவு வட்டம் முழுதாகக் கண்முன் வரும். அதே ஆட்கள் அமெரிக்காவில் பக்கத்து நிலத்தில், அதே கப்பலில், திருமண சாட்சியாக வந்தால் எழுத்து எப்படி வேண்டுமானாலும் இருக்கட்டும், அவர்தான். எதிர்ப்பக்கமும் உண்மை. பெயர் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போய், சுற்றியுள்ள ஒருவர்கூட ஒத்துப்போகவில்லை என்றால் எனக்கு சந்தேகம்தான் வரும்.

தொழிலையும் பாருங்கள். தறி நெய்தவர், சக்கரம் செய்தவர், குடியானவர், வாடகைக்கு வீடெடுத்திருந்தவர் என்று பெயருக்குப் பக்கத்தில் போதகர் எழுதியிருப்பார். திருமணத்துக்கு முன் பிறந்த பிள்ளையா என்பதையும் பாருங்கள். பவேரியாவில் 1868 வரை கல்யாணம் செய்யவே அனுமதி வாங்க வேண்டியிருந்தது, சொத்தில்லாதவர்களுக்கு அது லேசில் கிடைக்காது, அதனால் அம்மாவின் பெயரில் பதிந்து பிறகு அப்பாவின் பெயருக்கு மாறிய பிள்ளைகள் ஏராளம். கப்பலில் எந்தப் பெயரில் ஏறினார் என்பது அவரவர் சௌகரியம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, அந்தத் தாய் பட்ட பாட்டை நினைத்தால் மரியாதைதான் வருகிறது.

கடைசியாக மரத்தில் எந்தப் பெயரைப் போடுவது என்று எல்லோரும் கேட்கிறார்கள். நான் ஞானஸ்நானப் பதிவில் உள்ள வடிவத்தைத் தலைப்பெயராக வைக்கிறேன், மற்ற எல்லா வடிவங்களையும் அந்தந்தப் பதிவின் ஆண்டு, ஊர், பக்க எண்ணோடு மாற்றுப் பெயர்களாகச் சேர்க்கிறேன். எதையும் திருத்துவதில்லை. பதிவேட்டில் முல்லரின் என்றிருந்தால் முல்லரின் என்றே எழுதி, பெண்பால் விகுதி என்று பக்கத்தில் குறிப்புப் போடுங்கள். பண்ணைப் பெயர் என்றால் எந்த ஆண்டிலிருந்து, யாரை மணந்து வந்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். உங்களுக்குப் பின்னால் அதே குடும்பத்தைத் தேடி வருகிறவர் எந்த எழுத்துக்கூட்டலைக் கையில் வைத்துக்கொண்டு வருவார் என்று சொல்ல முடியாது, எதை வைத்துக்கொண்டு வந்தாலும் அவருக்கு ஆள் கிடைக்க வேண்டும்.